நடக்கும் புரதமும் நடத்துவிக்கும் கையும்

அண்மையில் உயிரியல் ஆசிரியர்களுக்கென நடத்தப்பட்ட கருத்தரங்கு ஒன்றிலே நாமும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தோம். மதிய உணவுக்குப் பின்னான அமர்வு. மண்டபத்தை இருளாக்கித் திரையிலே ஒரு குறும்படம் காட்டினர். கலத்தின் உள்ளே நீண்டு கிடக்கும் ஒரு குழாயின் மேல், தன்னிலும் பன்மடங்கு பெரிய பையொன்றை இழுத்தபடி, இரண்டு பாதங்களை மாறி மாறி எடுத்து வைத்து ஒரு சிற்றுரு நடந்து சென்றது. அவசரமில்லாத நடை, தடுமாற்றமில்லாத நடை. பின்னணியில் இனிய இசை. படம் முடிந்ததும் பேச்சாளர் எழுந்து இரண்டு விடயங்களைச் சொன்னார். "இதற்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? எண்ணிப் பாருங்கள்" என்பது முதலாவது. "இது சம்பளம் கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை, வேலைநிறுத்தம் செய்வதில்லை; எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டவேண்டிய உதாரணம் இதுதான்" என்பது இரண்டாவது. மண்டபம் கைதட்டியது.

நாம் கைதட்டவில்லை. கைதட்டியவர்கள் மீது எமக்குக் கோபமுமில்லை. அந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவர் எவரும் மெய்ம்மறப்பர். நாமும் ஒரு காலத்தில் மெய்ம்மறந்தவர்களே. ஆனால் அந்த அழகின் நிழலிலே இரண்டு பொய்கள் விலைபோயின. ஒன்று சமயத்தின் பெயரால் விற்கப்பட்டது. மற்றது முதலாளியின் பெயரால் விற்கப்பட்டது. இரண்டையும் ஒரே கடையில் வாங்கிக்கொண்டு நாற்பது ஆசிரியர்கள் நாற்பது வகுப்பறைகளுக்குத் திரும்பிச் சென்றார்கள். அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளை நினைத்தே இதனை எழுதுகிறோம்.

முதலில் படத்தைப் பற்றி. ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவருக்கென 2006 ஆம் ஆண்டிலே தயாரிக்கப்பட்ட, கலத்தின் உள்வாழ்க்கையைச் சித்திரிக்கும் படமொன்றே இவ்வகைக் காட்சிகளுக்கெல்லாம் தாய். அதனைச் செய்தோர் வஞ்சகர் அல்லர். கலத்தின் உள்ளே உள்ள நெரிசலை அப்படியே காட்டினால் பார்ப்பவனுக்கு எதுவுமே விளங்காது என்பதனால், நீரை அகற்றினர், சூழவுள்ள ஆயிரமாயிரம் புரதங்களை அகற்றினர், நடுக்கத்தை அகற்றினர். பின்னாளில் அவர்களே நெரிசலும் நடுக்கமும் கூடிய வேறொரு படத்தையும் செய்தனர். அதிலே அதே புரதம் தள்ளாடுகிறது, உதறுகிறது, தாறுமாறாக அலைகிறது. ஆனால் கருத்தரங்குகளில் காட்டப்படுவது முதற் படமே. இது தற்செயலன்று என்று நாம் கருதுகிறோம். தள்ளாடும் புரதத்தைக் காட்டி 'யார் கற்றுக்கொடுத்தார்' என்று கேட்பது சிரமம்.

அந்தப் புரதத்தின் பெயர் கைனசின். இரண்டு நீண்ட சங்கிலிகள் கயிறுபோல முறுக்குண்டு ஒரு தண்டாகின்றன. தண்டின் ஒரு முனையிலே இரண்டு குமிழ்கள். ஆய்வாளர் இக்குமிழ்களைத் 'தலை' என்பர், நடப்பதோ இத்தலைகளால். தலையால் நடப்பதென்பது நம்மூர்ச் சொல்வழக்கிலும் உண்டாகையால் இதில் நாம் குறை காணவில்லை. தண்டின் மறுமுனை புடகம் எனப்படும் சிறு பையைப் பற்றிக்கொள்கிறது. நடக்கும் பாதையே நுண்குழாய். தியூபியுலின் என்னும் புரத இணைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு நிரையாகி, பெரும்பாலும் பதின்மூன்று நிரைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. குழாயின் தடிப்பு ஏறத்தாழ 25 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். ஒவ்வோர் இணையின் நீளமும் 8 நனோமீற்றர். கைனசினின் ஓர் அடியும் அதே 8 நனோமீற்றர். 1993 இல் ஸ்வொபோடா, புளொக் முதலியோர் ஒளிக்கற்றையாற் பிடித்துவைத்த ஒரு சிறு மணியைக் கைனசினைக்கொண்டு இழுக்கச் செய்து இவ்வடியை அளந்தார்கள். 1997 இல் ஓர் அடிக்கு ஒரு ஏ.ரி.பி. மூலக்கூறு செலவாகிறது என்பது நிறுவப்பட்டது. 2004 இல் யில்டிஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும் ஒரு தலைக்கு மாத்திரம் ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தபோது, அத்தலை ஓர் அடியில் ஏறத்தாழ 17 நனோமீற்றர் பாய்ந்து, அடுத்த அடியில் அசையாது நின்றது. பின்னது முன்னதாகி, முன்னது பின்னதாகி நகர்கிறது என்பது அதனால் ஐயமற விளங்கிற்று. ஒரு செக்கனுக்கு நூறு அடியளவில் நடக்கிறது. தனியொரு கைனசின் ஏறத்தாழ நூறு அடி நடந்ததும் பாதையை விட்டுக் கழன்று போகிறது.

இவ்வளவும் படத்துக்கு மாறானவை அல்ல. மாறு எங்கே இருக்கிறது?

கலத்தின் உள்ளே நீர் இருக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஓய்வதில்லை. 1827 இல் ரொபேட் பிரௌண் என்ற தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துணிக்கைகள் நீரிலே இடையறாது துள்ளுவதைக் கண்டார். உயிருள்ளவை என்பதனாலோ துள்ளுகின்றன என்று ஐயுற்று, உயிரற்ற கற்பொடியையும் இட்டுப் பார்த்தார், அதுவும் துள்ளிற்று. 1905 இல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்குச் சொன்னார்: கண்ணுக்குப் புலனாகாத நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதால் எழும் அசைவு அது. கைனசினின் அளவிலே இம்மோதல் சிறு தொந்தரவு அன்று, அதுவே உலகம். நல்லூர்த் தேர்த் திருவிழாவின்போது வீதியின் நடுவே அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே ஒருவர் தன் விருப்பப்படி அடியெடுத்து வைப்பதில்லை. முன்னும் பின்னும் பக்கமும் உந்தப்படுகிறார். கிடைத்த இடைவெளியில் காலை ஊன்றுகிறார். கைனசினின் நிலை அதனினும் மோசம். வீதியில் நிற்பவருக்கு உடற்பாரம் என்ற ஒன்றாவது இருக்கிறது. கைனசினுக்கு வேகமெடுத்துச் செல்லும் உந்தம் என்பதே கிடையாது. தள்ளுவது நின்ற கணமே அது நின்றுவிடும்.

அப்படியானால் அது எவ்வாறு ஒரு திசையில் செல்கிறது? இங்கேதான் படம் மறைத்த உண்மை இருக்கிறது. முன்தலை குழாயை இறுகப் பற்றி நிற்கிறது. அதில் ஒரு ஏ.ரி.பி. வந்து ஒட்டுகிறது. ஒட்டியதும் தலையின் வடிவம் சற்று மாறி, தலையையும் தண்டையும் இணைக்கும் சிறு கழுத்து முன்புறமாகத் தலையோடு படிந்துகொள்கிறது. பின்தலையோ தனது ஏ.ரி.பி.யைப் பிரித்துப் பொசுபேற்றை விடுத்தபின் குழாயின் மீதான பிடியைத் தளர்த்தி விடுகிறது. விடுபட்ட தலையை எவரும் எடுத்து முன்னே வைப்பதில்லை. அது காற்றில் அகப்பட்ட பட்டத்தின் வால்போல நாற்புறமும் அடிபடுகிறது. கழுத்து முன்நோக்கிப் படிந்திருப்பதால், அலையும் தலைக்கு முன்னேயுள்ள இடம் எட்டுகிறது. பின்னேயுள்ள இடம் எட்டுவது அரிதாகிறது. அலைந்து அலைந்து முன்னிடத்தைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டு ஏ.டி.பி.யை உதிர்க்கிறது; பிடி இறுகுகிறது. ஓர் அடி முடிந்தது. அந்த அடியை எடுத்து வைத்தது புயல். புரதம் செய்தது, புயலின் ஆயிரம் உந்தல்களில் ஒன்றை ஏற்று, திரும்பிச் செல்லும் வழியை அடைத்தது மாத்திரமே. கழுத்துப் படிவதே இழுக்கும் வேலையில் எவ்வளவு பங்கைச் செய்கிறது, அலைச்சல் எவ்வளவு பங்கைச் செய்கிறது என்பது பற்றி ஆய்வாளரிடையே வாதம் இன்னும் உண்டு. 2023 இல் இரு ஆய்வுக் குழுவினர் மிக நுண்ணிய ஒளிமுறையால் ஓர் அடியின் நடுவே நிகழும் இடைநிலையைக்கூடக் கண்டனர். வாதம் அளவு பற்றியதே. அலைச்சல் இல்லையென்று இன்று எவரும் சொல்வதில்லை.

வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். சும்மா கிடக்கும் வெப்ப அசைவிலிருந்தே வேலையைப் பெற முடியுமானால் பிறகு உணவு எதற்கு? நியாயமான கேள்வி. இதனைப் பௌதிகவியலாளர் நீண்ட காலம் கேட்டு வந்துள்ளனர். 1912 இல் ஸ்மொலுகோவ்ஸ்கியும், பின்னர் தமது புகழ்பெற்ற விரிவுரைகளிலே பெயின்மனும் இதை ஆராய்ந்தனர். ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் பற்சக்கரம் ஒன்றை எவ்வளவு சிறிதாகச் செய்து வைத்தாலும், சூழவுள்ள எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்குமானால், அதன் தடுப்பும் அதே வெப்பத்தால் துள்ளும். சக்கரம் முன்னும் பின்னும் ஆடுமேயன்றி ஒரு திசையில் ஓடாது. கைனசினுக்கும் இதே விதிதான். இழைமணிகள் உணவை எரித்து ஏ.ரி.பி.யை ஓயாமல் உண்டாக்கி, அதன் அளவைச் சமநிலைக்கு வெகு மேலே வைத்திருக்கின்றன. அந்த ஏற்றத்தாழ்வே விலை. ஏ.ரி.பி.யும் அதன் பிளவுப் பொருள்களும் சமநிலை அடைந்துவிட்டால், தலையும் கழுத்தும் குழாயும் அணுவும் மாறாமல் இருந்தாலும், கைனசின் ஒரு திசையிற் செல்லாது. 2005 இல் கார்ட்டரும் குரொஸ்ஸும் கைனசினைப் பின்னாற் பலமாக இழுத்துப் பார்த்தனர். ஏழு பிக்கோநியூட்டன் அளவு விசைக்கு மேலே, அது அடிமேல் அடிவைத்துப் பின்னோக்கி நடந்தது. ஆகவே திசை என்பது காலிலே எழுதி வைக்கப்பட்ட கட்டளை அன்று. அமைப்பும் சக்தியும் சூழலும் சேர்ந்து ஒவ்வொரு கணமும் உண்டாக்கும் ஓர் உறவு.

இனி, 'கற்றுக்கொடுத்தவர் யார்' என்ற கேள்விக்கு வருவோம்.

இந்தக் கேள்வியின் தந்திரம் 'நடை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நடை என்றதும் கால் என்கிறோம். கால் என்றதும் நோக்கம் என்கிறோம். நோக்கம் என்றதும் அதை வகுத்தவன் என்கிறோம். உவமையாக வந்த சொல் சாட்சியாக ஏறி நிற்கிறது. அமெரிக்காவிலே பென்சில்வேனியாவின் டோவர் நகரில் இதே வாதம், பற்றீரியாவின் சவுக்கிழையை முன்வைத்து, 2005 இல் நீதிமன்றம் ஏறிற்று. அறிவார்ந்த வடிவமைப்பு எனப்படும் கொள்கை விஞ்ஞானம் அன்று என்று அவ்வாண்டு டிசம்பரில் நீதிபதி ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அங்கே தோற்ற சரக்கு நமது மண்டபங்களிலே புதுத் துணி சுற்றி விற்கப்படுகிறது.

அன்பர்களே, கைனசினின் உறவினரைச் சற்றுப் பாருங்கள். பழ ஈயிலே அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம், ஏறத்தாழ அதே போன்ற தலையை வைத்துக்கொண்டு, குழாயில் எதிர்த்திசையில் செல்கிறது. 2000 ஆம் ஆண்டில் எண்டோவும் ஹிகுச்சியும் அப்புரதத்தின் கழுத்திலே ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றினர். மாறிய புரதம் ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் போகத் தொடங்கியது. திட்டமிட்டவன் ஒருவன் திசையைக் கொடுத்தான் எனில், ஓர் எழுத்துப் பிழையில் மறந்துபோகும் திசையையா கொடுத்தான்? தசையை இயக்கும் மயோசினுக்கும் கைனசினுக்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை குறைவு, பாதையும் வேறு. 1996 இல் கைனசின் தலையின் கட்டமைப்பை வெளியிட்ட ஆய்வாளர் அதன் உட்கரு மயோசினின் உட்கருவைப் பெரிதும் ஒத்திருக்கக் கண்டு வியந்தனர். ஒரு மூதாதையிலிருந்து பிரிந்த இரு கிளைகள் இவை என்பதன்றி இதற்கு வேறு நல்ல விளக்கம் கிடையாது. பழைய வீட்டின் மரத்தை எடுத்துப் புதிய வீட்டுக்கு நிலைவைக்கும் ஏழைத் தச்சனின் முறை இது.

டைனின் என்ற மற்றொரு புரதம் இருக்கிறது. 1965 இல் கிப்பன்சும் ரோவும் பெயரிட்டது. பிசிரிழைகளை அசைப்பது இதன் இனம். கலத்தின் விளிம்பிலிருந்து நடுப்பகுதிக்குச் சுமையை இழுப்பதும் இதன் இனம். இதன் நடையைப் படமெடுத்து இசையமைக்க எவரும் விரும்பார். சில வேளை 8 நனோமீற்றர், சில வேளை 16, சில வேளை அதற்கும் மேல். இடையிலே பக்கவாட்டாக ஓர் அடி, பின்னோக்கி ஓர் அடி. கள்ளுத்தவறணையிலிருந்து வீடு திரும்புபவரின் நடை. ஆயினும் வீடு போய்ச் சேர்கிறது.

இந்த டைனின் யாருக்காக வேலை செய்கிறது என்றும் கேட்போம். நரம்புக்கலத்தின் நுனியில் உள்ள பழுதடைந்த பொருள்களையும் செய்திப் புடகங்களையும் அது கலத்தின் உடலுக்குக் கொண்டுபோகிறது, நன்று. விசர்நாய் கடித்த காலிலிருந்து வைரசை முண்ணாணுக்கும் அங்கிருந்து மூளைக்கும் கொண்டுபோவதும் அதே நுண்குழாய்ப் பாதையே. ஆய்வுகூட விலங்குகளில் நுண்குழாய்களைக் குலைக்கும் நஞ்சைச் செலுத்தியபோது வைரசின் பயணம் தடைப்பட்டது. கடியுண்டவருக்கு அந்த நஞ்சு மருந்தாகாது, ஊசிதான் மருந்து. வைரசு ஏறிவரும் அந்த நாட்களின் அவகாசமே தடுப்பூசியைப் பயனுள்ளதாக்குகிறது. கடியைக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதன் காரணத்தை ஒரு பிள்ளைக்கு விளக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ? அந்தப் பாடத்தைச் சொல்லாது விட்டு, 'ஆண்டவனின் சுமைதூக்கி' என்று பரவசப்படுகிறவர், அச்சுமைதூக்கி விசர்நோயையும் தூக்கி வருகிறது என்பதை அவையிலே சொல்வாரா? நம்பிக்கையுள்ளவரின் நம்பிக்கையை நாம் இங்கே விசாரிக்கவில்லை. வீட்டிலும் கோயிலிலும் அது அவரவர் உரிமை. புரதத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணையையும் ஏற்கத்தான் வேண்டும்.

சம்பளம் கேளாத தொழிலாளி என்ற இரண்டாவது பொய் முன்னதைவிட அற்பமானது. ஆனால் கேடு கூடியது. அதனை அதன் சொந்த வாதத்திலேயே எடுத்துக்கொள்வோம். கைனசின் கூலியின்றி வேலை செய்வதில்லை. அடிக்கு ஒரு ஏ.ரி.பி.; முற்பணம்; கடன் கிடையாது. பெற்ற சக்தியில் மிஞ்சிப்போனால் பாதியளவே சுமை இழுப்பில் பயன்படுகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. நூறு அடி நடந்ததும் கழன்றுவிடுகிறது. சுமை பொருந்தாதபோது அது குழாயின் மேல் வெறுமனே ஓடித் திரிவதும் இல்லை. தன் வாலை மடித்துத் தலைகளோடு ஒட்டி வைத்து, ஏ.ரி.பி.யையும் செலவிடாமல் மடிந்து கிடக்கிறது. எட்டு மணித்தியால வேலைநாள் கேட்டதற்காகச் சிக்காகோவில் 1887 இல் தூக்கிலிடப்பட்டவர்கள்கூட இவ்வளவு தாராளமான நிபந்தனைகளைக் கேட்கவில்லை.

இவ்வாறு எழுதும்போதே எமக்குச் சிரிப்பு வருகிறது. ஏனெனில் இதுவும் அதே தவறுதான். புரதத்துக்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை, மானமும் இல்லை. அதனிடமிருந்து முதலாளிக்குச் சாதகமான நீதியையும் பெறமுடியாது, தொழிலாளிக்குச் சாதகமான நீதியையும் பெறமுடியாது. மனிதனின் வேலைநேரத்தை மனிதர் தமக்குள் போராடியும் பேசியும் தீர்மானிக்கிறார்கள். ஓய்வும் ஊதியமும் கேட்பவனைப் பார்த்து 'உன் உடம்பின் உள்ளே இருக்கும் புரதத்தைப் பார்' என்று சொல்பவர், அந்த மனிதனை ஒரு மூலக்கூறின் தரத்துக்கு இறக்கிப் பேசுகிறார். அதுவும் ஆசிரியர்களைப் பார்த்து! சம்பள உயர்வு கேட்டு வீதியில் நின்றவர்களும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள் என்பதே எமக்கு வருத்தம்.

எம்மவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கைனசினின் நடையைக் கேள்விப்பட்டதும் 'இதோ, தற்செயலுக்கும் அவசியத்துக்கும் உள்ள இயக்கவியல் உறவு!' என்று துள்ளியெழும் நண்பர்கள் எமக்கு உண்டு. எங்கெல்ஸ் இவ்விரண்டின் உறவைப் பற்றி எழுதியது உண்மை. அதைப் படித்தவனுக்கு இந்தப் புரதத்தின் கதை புதுச் சுவை தரும் என்பதும் உண்மை. ஆனால் 8 நனோமீற்றர் என்ற அளவு எங்கெல்சிடமிருந்து கிடைக்கவில்லை. ஒளிக்கற்றையும் சிறு மணியும் கொண்டு அளந்தவரிடமிருந்தே கிடைத்தது. தத்துவத்தை முன்னே ஓட்டி இயற்கையைப் பின்னே இழுத்துச் செல்ல முயன்றதன் விலையை நாம் அறிவோம். 1948 ஓகஸ்ட்டில் மொஸ்கோவில் லைசென்கோவின் கொள்கைக்கு அரசின் முத்திரை குத்தப்பட்டபோது உலகெங்கும் எம்மவரிற் பலர் கைதட்டினார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1943 இல், வித்துகளை உலகெங்கும் தேடிச் சேர்த்த வவிலோவ் சிறையிலே மடிந்திருந்தார். கருத்தரங்கு மண்டபத்தின் கைதட்டலைக் கண்டிக்கும் நாம் அந்தக் கைதட்டலை மறப்பது முறையன்று.

நிற்க. பொய்களைச் சாடுவதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. அந்தப் படத்துக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததற்கு நமது வகுப்பறைகளும் பொறுப்பு. உயர்தர வகுப்பு மாணவன் நுண்குழாயைப் பற்றி என்ன படிக்கிறான்? கல வன்கூட்டின் ஒரு கூறு, உட்குழிவானது, தியூபியுலினால் ஆனது, தொழில்கள் பின்வருமாறு. நான்கு வரி, நான்கு புள்ளி. இவ்வறிவு எப்படி வந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. பசித்தவனுக்கு உமியைக் கொடுத்தால், இனிப்பு விற்பவன் பின்னால் அவன் போகத்தான் செய்வான்.

வந்த கதையோ சுவையானது. கணவாயின் உடலில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கும் தடித்த நரம்பிழை உண்டு. 1983 இல் கலிபோர்னியாவிலே றொனால்ட் வேல் என்ற இளம் மாணவரும் மைக்கல் ஷீற்சும் அதனை ஆராய விரும்பினர். அவ்வாண்டின் எல் நினோவினால் கடல் வெப்பமடைந்து கணவாய் கிடைக்கவில்லை. ஆகவே கணவாய் கிடைக்கும் இடமான கீழைக் கடற்கரையின் வூட்ஸ் ஹோலுக்குப் போனார்கள். அங்கே றொபேட் அலன் முதலியோர் வீடியோக் கருவியை நுணுக்குக்காட்டியோடு பொருத்தி, அதுவரை காணமுடியாதிருந்த நுண்பொருள்கள் நரம்பிழையின் உள்ளே ஓடுவதை ஏற்கெனவே காட்டியிருந்தனர். நரம்பிழையின் சாரத்தைப் பிழிந்தெடுத்து, கண்ணாடித் தட்டிலே இட்டு, ஏ.ரி.பி. சேர்த்தபோது, நுண்குழாய்கள் தட்டின் மீது ஊர்ந்தன. கலம் இல்லை, உயிர் இல்லை, ஓட்டம் இருந்தது. 1985 இல் அவ்வோட்டத்துக்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து, அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கைனசின் என்று பெயரிட்டார்கள். ஒரு புரதத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கடலின் வெப்பநிலை இருக்கிறது, விடியுமுன் வலைபோட்ட மீனவர் இருக்கின்றனர், தொலைக்காட்சித் தொழிலின் கருவி இருக்கிறது. இதனைச் சொன்னால் நேரம் போய்விடும் என்பர். சொல்லாமலே எவ்வளவு நேரம் போய்விட்டது!

தூரத்துக் கதை வேண்டாமெனின் வேலிக்கு வாருங்கள். கார்த்திகை மாதத்திலே வன்னியின் பற்றைகளில் தீப்போல மலரும் காந்தளை அறியாதார் எவர்? சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமித்த மலர். இக்காலத்தில் வேறு பல அர்த்தங்களையும் சுமக்கும் மலர். அதன் கிழங்கில் உள்ள நஞ்சு கொல்சிசின். 1967 இல் சிக்காகோவில் பொரிசியும் ரெயிலரும் கதிரியக்கமூட்டிய கொல்சிசின் கலத்தினுள் எதனோடு ஒட்டுகிறது என்று தேடிச் சென்றே, நுண்குழாயின் செங்கல்லான தியூபியுலினைக் கண்டார்கள். முற்றத்தில் நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிறிஸ்ரினும் அதே தியூபியுலினைத்தான் பற்றுகிறது. பிரியும் கலங்களிலே நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுத்து, சிறுவரின் வெண்குருதிப் புற்றுநோயை அடக்குகிறது. மருந்தேற்றப்பட்ட பிள்ளைகள் சிலருக்குக் கைகால் விறைத்து, நடை தளர்கிறது. நரம்பின் நீண்ட பாதையும் அதே செங்கல்லால் ஆனதல்லவா? கைனசினின் ஒரு மரபணு பழுதடைந்தாலும், மூளையிலிருந்து முண்ணாண்வழியே கீழிறங்கும் நீண்ட நரம்பிழைகள் சிதைந்து, கால்கள் இறுகிப்போகும் பரம்பரை நோய் ஒன்று வருகிறது. நரம்பிழைகளிலே மிக விரைவான சுமையும் நாளொன்றுக்கு 400 மில்லிமீற்றர் அளவே செல்கிறது. முதுகிலிருந்து பாதத்துக்குப் போய்ச்சேர நாட்கணக்காகும். இவ்வளவையும் ஓர் ஆசிரியர் காந்தள் மலர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம். கிழங்கைத் தொட்ட கையைக் கழுவச் சொல்லவும் மறக்கக்கூடாது.

திரையும் இருட்டறையும் இல்லாத பாடசாலைகளே நம்மிடம் அதிகம். அது குறையாகவே இருக்கட்டும். கருத்தரங்கு முடிந்த அடுத்த வாரம் எமது வகுப்பிலே ஒரு துளி பாலை நீரிற் கரைத்து, கண்ணாடித் தட்டில் இட்டு, மூடித் தகட்டின் விளிம்புகளை வசிலீன் பூசி அடைத்து, பழைய நுணுக்குக்காட்டியின் நானூறு மடங்கு வில்லையின் கீழ் வைத்தோம். பாலின் கொழுப்புத் துணிக்கைகள் துள்ளிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். பலர் "உயிர் இருக்குது சேர்" என்றார்கள். பிரௌணின் கற்பொடியைச் சொன்னோம். பின் வாங்கில் இருக்கும் ஒருவன், கணக்கிலே எப்போதும் திட்டு வாங்குபவன், இடைவேளை முடிந்து திரும்பவும் வந்து பார்த்தான்.

"சேர், இது எப்ப ஓயும்?"

ஓயாது என்றோம். அவன் நம்பவில்லை. மறுநாட் காலை முதல் மணி அடிக்குமுன் ஆய்வுகூடக் கதவடியில் நின்றான். திறந்து விட்டோம். குனிந்து கண்ணை வைத்தவன் வெகுநேரம் எடுக்கவில்லை.

"நீங்கள் சொன்ன அந்தச் சாமான் இதுக்குள்ளாலேயோ நடந்து போகுது?"

"இதற்குள்ளால்தான். இந்தத் துணிக்கையிலும் அது எவ்வளவோ சிறிது. அதற்கு ஆட்டம் இன்னும் கூட."

"அப்ப அண்டைக்குப் படத்தில காட்டினது?"

அந்தப் படத்தை அவன் எங்கே பார்த்தான் என்று விசாரித்தோம். எமக்கு முன்னரே வேறோர் ஆசிரியர் கைத்தொலைபேசியில் காட்டிவிட்டார்.